அடுப்பு எரியாத வீடுகள்

ஓய்வு பெற்ற பிறகும் பென்ஷன் விஷயமாக மாதம் ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டியிருக்கிறது. போனால் பழைய பழக்கத்தில் யாராவது டீ வாங்கிக் கொடுப்பார்கள். போன மாதம் போனபோது, வெள்ளத்தில் வீடு இழந்தவர்களுக்கு நிவாரணம் கொடுப்பதற்கான புதுப் படிவங்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம் கேள்விகள். புதிதாக வேலைக்கு வந்த கிளார்க் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"உங்க காலத்துல எத்தனை கேள்வி அண்ணாச்சி?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

"என்ன கேள்வி?"

"அடுப்பு இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஒரு கேள்வியையும் நான் ஒழுங்காகக் கேட்காமல் விட்டதால் ராஜபாளையத்தில் ஒரு தெருவில் என்ன ஆயிற்று என்று சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

பிறந்தது சோழபுரம். நாலாம் வகுப்பு வாத்தியார் அடித்த அன்றைக்கு ஊரை விட்டுக் கிளம்பியவன், பதினைந்து வருடம் ஓரிடத்தில் நிற்கவில்லை. தூத்துக்குடியில் மூட்டை தூக்கினேன். இலங்கையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். அங்கே மலேரியா வந்து எலும்பும் தோலுமாகத் திரும்பினேன். கோயம்புத்தூரில் பஞ்சு மில், கொச்சியில் படகுத்துறை, இடையில் ஒரு சர்க்கஸ் கம்பெனியில் கூடாரம் கட்டுகிற வேலை. ஓரிடத்தில் சம்பளம் ஒழுங்காக வர ஆரம்பித்தால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். அந்தப் பதினைந்து வருடமும் சாப்பாட்டுக் கடையிலோ கூலிக்காரர்களை வரிசையாகக் குடிவைக்கிற லயத்திலோதான் சாப்பிட்டேன். வீடு என்று ஒன்று இருந்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகிற விஷயத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், மில் வேலை தேடி ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்கினேன். மில் வாசலில் நீளமான வரிசை நின்றது. வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்து நானும் போய் நின்றேன். முன்னால் போகப் போகத்தான் அது காலரா ஊசிக்கான வரிசை என்று தெரிந்தது. நழுவப் பார்த்தேன். ஊசி போடுகிற மேஜைக்குப் பின்னால் நின்றிருந்த குள்ளமான மனிதர் கூப்பிட்டார்.

"வே, எங்க போறீரு? இந்த ஊசி மாட்டுக்குப் போடுறது இல்ல, மனுசனுக்குத்தான். வாரும்."

அவர்தான் சுகாதார இன்ஸ்பெக்டர் தேவசகாயம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். என்னைவிட மூன்று வயது இளையவர் என்று பின்னால் தெரிந்தது. காக்கி டிரவுசர், வெயில் தொப்பி, ஒரு சைக்கிள், சட்டைப் பித்தானில் நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சில். ஊசி போட்டுக்கொண்டே எந்த ஊர், எழுதத் தெரியுமா என்று விசாரித்தார். ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து என் பேரை எழுதச் சொன்னார். மாடசாமி என்று எழுதினேன். வாங்கிப் பார்த்தார்.

"எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கு. பரவால்ல, வாசிக்க முடியுது. இந்த ஊர்ல உமக்குச் சொந்தக்காரன், கடன்காரன், சண்டைக்காரன் யாராச்சும் உண்டா?"

"ஒருத்தரும் இல்லைங்க."

"அப்ப நீருதான் வேணும்."

இப்படித்தான் காலரா முடிகிற வரைக்கும் என்று சொல்லித் தற்காலிகமாகச் சேர்ந்தேன். பயிற்சி மூன்று நாள். கிணற்றுக்கு மருந்துத் தூள் கரைப்பது, ஊதா மருந்துத் தண்ணீரில் கை கழுவுவது, நோய் கண்ட வீட்டுக் கதவில் சுண்ணாம்பால் வட்டம் போடுவது. வாந்தி பேதி ஆன துணியைத் தொடாமல் குச்சியால் எடுத்து எரிக்கவும் கற்றுக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வேலை செய்கிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிணற்றில் மருந்து ஊற்றியதும் போய்விட மாட்டார். வாளியை உள்ளே விட்டு அடிவரைக்கும் இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றித் தண்ணீரைக் கலக்குவார். பிறகு நிழலில் உட்கார்ந்து நேரம் பார்ப்பார். நேரம் ஆனதும் முதல் குவளையை எல்லோரும் பார்க்க அவரே குடிப்பார். "சர்க்கார் வெசம் கலக்குது" என்று பேசிக்கொண்டிருந்த தெருக்களில் அதற்கு மேல் ஒருவரும் பேசவில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தொப்பியைக் கழற்றுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சில் நூலை விரலில் சுற்றிக்கொள்வார், அவ்வளவுதான்.

மில் தொழிலாளிகள் குடியிருந்த தெருக்களில் நோய் கடுமையாக இருந்தது. அந்தத் தெருக்களின் இரண்டு முனையிலும் கயிறு கட்டிப் போலீஸ் நிறுத்தினார்கள். உள்ளே இருப்பவர் வெளியே போகக்கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே வரக்கூடாது. அந்தத் தெருக்காரர்களை மில்லிலும் உள்ளே விடவில்லை. வேலை இல்லை, கூலி இல்லை. அதனால் அடைபட்ட குடும்பங்களுக்கு வாரம் ஒருமுறை அரிசி, பருப்பு, உப்பு கொடுக்க சர்க்கார் உத்தரவு போட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசிலிருந்து மாட்டு வண்டியில் மூட்டைகள் வரும். யாருக்குக் கொடுப்பது என்று பட்டியல் எடுப்பது எங்கள் வேலை.

கதவை எண்ண முடியாது. ஒரு கதவுக்குள் அண்ணன், தம்பி, சித்தப்பா என்று மூன்று குடும்பம் இருக்கும். தலையையும் எண்ண முடியாது. பேரைக் கொடுத்தால் காலராக் கொட்டகைக்குத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று பயந்து பாதிப் பேரைச் சொல்ல மாட்டார்கள். அதனால் தாலுகா ஆபீசில் ஒரு வழி சொன்னார்கள். ஓர் அடுப்பு, ஒரு குடும்பம். தனியாகப் பொங்கித் தின்கிறவர்களுக்குத் தனிச் சீட்டு.

நல்ல வழிதான். ஆனால் செய்தி பரவிய மறுநாளே தெருவில் அடுப்புகள் முளைத்தன. குருசாமி என்று ஒரு தறிக்காரர், முற்றத்தில் வரிசையாக மூன்று புது அடுப்புப் போட்டு வைத்திருந்தார். களிமண் காயக்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அடுப்புகளைச் சுற்றி வந்தார். "என்ன குருசாமி, நேத்து வரைக்கும் ஒரு குடும்பம். இன்னைக்கு நாலா? மூணு கல்யாணம் முடிஞ்சிருக்கு, எங்களுக்கு ஒரு வெத்தல பாக்கு வைக்கலியே!"

"அண்ணன் தம்பிங்க பாகம் பிரிச்சிட்டோம் ஐயா."

"தம்பி எங்க?"

"ரங்கூன்ல."

"ரங்கூன்ல இருக்கவனுக்கு இங்க அடுப்பு சுடுதோ?"

தெருவே சிரித்தது. குருசாமியும் சிரித்துவிட்டார். அன்றைக்கு அங்கிருந்து திரும்பும்போது இன்ஸ்பெக்டர் என்னிடம் சொன்னார்: "மாடசாமி, கல்லைப் பாக்காதிரும். சாம்பலுக்குள்ள கைய வச்சுப் பாரும். சூடு இருந்தா எழுதும். இல்லன்னா விட்டுரும்."

அதன்படியே செய்தேன். இரண்டு நாளில் அந்தத் தெரு முழுவதும் முடித்தேன். சாம்பலில் கை வைத்து வைத்து விரல் நகமெல்லாம் வெளுத்துப்போயிற்று. சூடான அடுப்புக்கெல்லாம் சீட்டுக் கொடுத்தேன். ஏழு வீட்டில் அடுப்பு ஜில்லென்று இருந்தது. அந்த ஏழையும் விட்டேன்.

அதில் ஒன்று சுப்புத்தாய் வீடு. அவர் புருஷன் மில்லில் பஞ்சு அடிக்கிற பகுதியில் வேலை பார்த்தவர். நான் போவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் காலராவில் இறந்திருந்தார். கதவில் இருந்த சுண்ணாம்பு வட்டம் நான் போட்டது. உள்ளே போனேன். ஒரு பெண் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் கைக்குழந்தை. ஆறு வயதுப் பெண் பிள்ளை ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சாம்பலில் கை வைத்தேன். ஈரத் துணியைத் தொட்ட மாதிரி இருந்தது. அந்த அம்மாள் திரும்பவும் இல்லை, பேசவும் இல்லை. நானும் கேட்கவில்லை. 'அடுப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் அடுப்புப் பற்ற வைக்காத பழக்கம் எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு உண்டு. முன்னதாகப் பற்ற வைத்தால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பார்கள். அத்தனை நாளும் சொந்தக்காரர்கள் முறை வைத்துச் சோறு கொண்டுவருவார்கள். இது எனக்குத் தெரியாதா? என் அப்பா செத்தபோது எங்கள் வீட்டு அடுப்பில் பூனை குட்டி போட்டிருந்ததை நானே பார்த்தவன். ஆனால் பதினைந்து வருடம் கடைச் சோறு தின்றவனுக்கு அது மறந்துபோயிற்று. நோய் வந்து செத்த வீட்டில்தான் அடுப்பு அணைந்திருக்கும், நோய் வந்து செத்த வீட்டுக்குத்தான் அரிசி முதலில் வேண்டும் என்ற இரண்டையும் என் புத்தி சேர்த்துப் பார்க்கவில்லை. சோறு கொண்டுவர வேண்டிய சொந்தக்காரர்கள் எல்லோரும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

அடுத்த வாரம் அரிசி கொடுக்கிற நாள். காலையில் வண்டி வந்து, சீட்டு வாங்கிக்கொண்டு அளந்து போட்டுக்கொண்டிருந்தேன். லட்சுமம்மா என்ற தெலுங்குக்கார அம்மாள் வந்தார். சுப்புத்தாய் வீட்டுக்கு எதிர்வீடு. சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். தன் பங்கை வாங்கியவர் நகரவில்லை.

"எதிர்வீட்டுக்கு?"

"எந்த எதிர்வீடு?"

"சுப்புத்தாய் வீட்டுக்கு எங்கய்யா அரிசி?"

"அது அடுப்பு இல்லாத வீடும்மா."

அந்த அம்மாள் வாங்கிய அரிசியை என் காலடியில் வைத்தார்.

"ஏமய்யா, நீ மனுசனா? தாலி அறுத்தவ வீட்ல அடுப்பு எப்பிடிய்யா எரியும்? உங்க ஊர்ல பொணத்தைப் பக்கத்துல போட்டுக்கிட்டுப் பொங்கித் திம்பீங்களா? நான் ஊத்துற அரைச் செம்புக் கஞ்சியிலதான் மூணு உசிரு கிடக்கு. இப்ப அந்தப் பொட்டப்புள்ளைக்கு வவுறு போகுது. வா, வந்து பாரு! உன் கையத்தான் எல்லா அடுப்புலயும் வச்சியே, இப்ப அது வவுத்துல வச்சுப் பாரு!"

தெரு முழுவதும் கேட்டது. அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். மூன்று பேருமாகப் போனோம்.

பிள்ளை பாயில் கிடந்தது. கண் உள்ளே போயிருந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். சாம்பலில் கை வைத்தார்.

"தண்ணி எங்க இருந்து குடிக்கிறீக, தாயி?"

லட்சுமம்மாதான் பதில் சொன்னார்: "கெணத்துத் தண்ணிதான். காய்ச்சிக் குடிங்கன்னு நீங்க தெருத் தெருவாச் சொல்றீங்க. அடுப்பு இல்லாம எதுல காய்ச்சுவா, வெயில்லயா?"

வீட்டுக்கு வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் பென்சில் நூலை விரலில் சுற்ற ஆரம்பித்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"எங்க வீட்லயும் சாவு விழுந்தா அடுப்புப் பத்த வைக்க மாட்டோம் வே. எங்க அம்மைக்கு மூணு நாள் பக்கத்து வீட்டுச் சோறுதான். எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும். ரெண்டு பேரும் மறந்துட்டோம். இப்பிடி எத்தனை வீடு?"

"ஏழு ஐயா."

பிள்ளையை அப்போதே ஊருக்கு வெளியே இருந்த காலராக் கொட்டகைக்கு வண்டியில் அனுப்பினார். கைக்குழந்தையோடு தாயை அங்கே விட முடியாது. அந்த அம்மாள் வண்டிக்குப் பின்னால் வாசல்படி வரைக்கும் வந்தார். காரியம் முடியாமல் படி தாண்டக்கூடாது. அங்கேயே நின்றுவிட்டார்.

அரிசியை மட்டும் கொடுத்துப் பிரயோஜனமில்லை, அந்த வீடுகளில் அதைப் பொங்க மாட்டார்கள் என்று இன்ஸ்பெக்டருக்கு உடனே தெரிந்துவிட்டது. பொங்கச் சொல்லி மிரட்டவும் அவர் தயாராக இல்லை. "ஏற்கெனவே ஒரு சாவு பாத்தவ. இன்னொண்ணு வரும்னு பயந்துக்கிட்டு இருக்கவகிட்ட நம்ம பாடம் எடுபடாது" என்றார். தெருவிலேயே ஒரு பொது அடுப்புப் போட்டு, கஞ்சியும் கொதிக்க வைத்த தண்ணீரும் ஊற்றுவது என்று முடிவு செய்தார். ஆனால் உத்தரவில் தானியம் கொடுக்கத்தான் இடம் இருந்தது, சமைத்துக் கொடுக்க இல்லை. தாசில்தாரைக் கேட்க வேண்டும். அரிசி மூட்டை மேலேயே தாளை வைத்து இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். தன் சைக்கிளையும் கொடுத்தார். "நிக்காமப் போம்."

ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸ் வாசலில் என்னை மறித்துவிட்டார்கள். காலரா ஊரிலிருந்து வந்தவன் உள்ளே வரக்கூடாது. வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். பியூன் ஒருவர் இரண்டு குச்சியால் கடிதத்தை இடுக்கி வாங்கி, சாம்பிராணிப் புகையில் காட்டி எடுத்துப் போனார். தாசில்தார் ஒரு வைஷ்ணவர், நெற்றியில் பளிச்சென்று நாமம், வயதானவர். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடிதத்தை வாசித்தார். பிறகு அங்கிருந்தபடியே சத்தமாகக் கேட்டார். அதே கட்டிடத்தில் நடக்கிற கோர்ட்டுக்கு வந்த கூட்டமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

"ஏழு குடும்பத்தை விட்டுப்போனது தன் தப்புன்னு உங்க இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கார். நிஜமா?"

கடிதத்தில் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் இங்கிலீஷ் படித்தவன் இல்லை. தற்காலிக வேலை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் என் விரல் நகத்தில் அந்தச் சாம்பல் இன்னும் இருந்தது.

"இல்லைங்க. அடுப்புல கை வச்சுப் பாத்தது நான். கேக்காம விட்டதும் நான்தான்."

அவ்வளவு தூரத்துக்குக் கேட்க வேண்டுமென்று நானும் சத்தம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பத்து ஊர் ஆட்கள் முன்னால் என் தப்பை நானே தண்டோரா போட்ட மாதிரி ஆயிற்று.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன்னை வேலையை விட்டு எடுக்கணும், தெரியுமோ?"

"தெரியுங்க."

"எடுத்தா, அந்த ஏழு வீடு எது எதுன்னு யாருக்குத் தெரியும்? புதுசா ஒருத்தனை அனுப்பினா அவன் எட்டாவதா ஒண்ணை விடுவான். நீயே போ." கடிதத்தை மடித்தார். "சமைச்சுப் போடறதுக்கு நான் கலெக்டரைக் கேட்கணும். மதுரையிலேர்ந்து பதில் வரப் பத்து நாளாகும். பத்து நாள் தாங்குமா?"

"தாங்காதுங்க."

"சரி. நான் எழுதிக் கேட்கிறேன். பதில் வர வரைக்கும் நீங்க காய்ச்சி ஊத்திண்டிருங்கோ. விறகுக்கு என்ன பண்ணுவார் உங்க இன்ஸ்பெக்டர்?"

அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அவரே பியூனைக் கூப்பிட்டார். பின்கட்டில் கிடந்த உடைந்த பெஞ்சு, நாற்காலி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றச் சொன்னார். எத்தனையோ பேர் தீர்ப்புக்குக் காத்துக் கிடந்த பெஞ்சுகள் அன்று மத்தியானம் ராஜபாளையத்துக் கஞ்சி அடுப்பில் எரிந்தன. மதுரையிலிருந்து பதில் வந்ததா, என்ன வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரும் சொல்லவில்லை.

நான் திரும்பி வந்ததும் இன்ஸ்பெக்டர் ஏழு வீட்டுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வாசலிலும் நான்தான் சொல்ல வேண்டும் என்றார். "இது உங்க வீட்டு அடுப்பு இல்ல, சர்க்கார் அடுப்பு. தெருவுல எரியுது. உங்க வீட்டுப் பழக்கத்துக்கு ஒரு குறையும் இல்ல. பாத்திரத்தை எடுத்துக் குடுங்க" என்று சொன்னேன். ஒரு வீட்டில் ஒரு பெரியவர் மட்டும் யார் பொங்குகிறார்கள் என்று கேட்டார். லட்சுமம்மாதான் என்றதும் யோசித்தார். பின்னாலேயே வந்துகொண்டிருந்த லட்சுமம்மா, "காலரா உள்ள வரும்போது யாரு எவருன்னு கேட்டீரா மாமா? என் கஞ்சியை மட்டும் ஏன் கேக்கீரு?" என்றார். பெரியவர் செம்பை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஏழாவது வீட்டில் கதவு திறந்து கிடந்தது. பெண்டாட்டி செத்துத் தனியாக இருந்த ஒரு கிழவரின் வீடு அது. கூப்பிட்டோம். பதில் இல்லை. சுவரோரம் படுத்தவர் படுத்தபடி இறந்திருந்தார். காலராவா, பசியா என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அதைக் கேட்டிருக்கலாமோ என்று பல வருடம் நினைத்திருக்கிறேன். இப்போது, அதை என்னிடம் சொல்லாமல் விட்டதற்கும் அவருக்கு நன்றிதான் சொல்கிறேன்.

அடுத்த மூன்று நாளும் பகலில் காலராக் கொட்டகையில் சுப்புத்தாயின் மகள் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் என்னை உட்கார வைத்தார். பிள்ளை பேர் செல்லத்தாய். டிரெஸ்ஸர் என்கிற ஆஸ்பத்திரி உதவியாள் நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினார். அதற்கு மேல் என் வேலை, காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக வாயில் ஊற்றுவது. ஒரே தடவையில் கொடுத்தால் வாந்தி எடுத்துவிடும். ஒரு கரண்டி கொடுத்து, கொஞ்சம் பொறுத்து, அடுத்த கரண்டி. முதல் நாள் கண் திறக்கவில்லை. இரண்டாம் நாள் பிற்பகல் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

"நீ யாரு?"

"சர்க்கார் ஆளு."

"போலீசா?"

"இல்ல."

"பொறவு என்ன வேல?"

"அரிசி குடுக்குற வேல."

"எங்க வீட்டுக்கு நீ குடுக்கலியே."

"ஆமா. மறந்துட்டேன்."

"எங்கப்பாவும் மறந்துருவாரு. உப்பு வாங்கிட்டு வான்னா பொகையில வாங்கிட்டு வருவாரு" என்றது. பிறகு வாயைத் திறந்து காட்டியது. அடுத்த கரண்டிக்கு.

ஐந்தாம் நாள் பிழைத்துவிட்டது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்தான் தோளில் தூக்கி வந்தேன். சுப்புத்தாய் வாசல்படிக்கு உள்ளே நின்று இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். அப்போதும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நான் அந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டதற்குக் காரணம் கேட்பார்கள். காலரா அடங்கியபோது எனக்கு வழக்கம்போலக் கால் அரித்தது உண்மைதான். ஆனால் என்மேல் விழ வேண்டிய பழியைத் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்ட ஒருவரும், பழியை நான் ஒப்புக்கொண்ட பிறகும் வேலையை என் கையிலேயே கொடுத்த ஒருவரும் இருக்கிற இடத்தை விட்டு எங்கே போவது? தாசில்தாரின் சிபாரிசில் தாலுகா ஆபீசிலேயே நிரந்தரமானேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு வாடகை வீடு பிடித்தேன். கல்யாணம் செய்துகொண்டேன். என் வீட்டிலும் ஓர் அடுப்பு எரிந்தது. எத்தனையோ நிவாரணப் பட்டியல் எடுத்தேன். லட்சுமம்மா மாதிரி யாராவது தெருவில் நின்று திட்டினால், உட்கார்ந்து முழுவதும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இந்த மூவருக்கும் நான் பட்டிருக்கிற கடன், எழுதித் தீர்கிறதில்லை.

எல்லாவற்றையும்விட நான் நன்றியோடு நினைப்பது ஒரு காலைப்பொழுதை. பிள்ளை வீட்டுக்கு வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ லட்சுமம்மாவுக்குக் காய்ச்சல். காலரா இல்லை, களைப்புதான். ஆனாலும் காய்ச்சல் இருக்கிறவர் பொது அடுப்புக்கு வரக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு தெருவிலிருந்து ஆள் வரக் கயிறு தடை. "நானே காய்ச்சிருதேன் ஐயா" என்று வீரமாகச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். என் ஆயுசில் அதற்கு முன்னால் உலை வைத்ததில்லை. எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது. தீயைக் குறைக்கவும் தெரியாது. கோர்ட்டுப் பெஞ்சு நன்றாகக் காய்ந்த தேக்கு, கொழுந்துவிட்டு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை தெரு முழுவதும் பரவியது. வீட்டுக்குள் படுத்திருந்த லட்சுமம்மா, "ஏமய்யா, கஞ்சி காய்ச்சுறியா, சுண்ணாம்புக் காளவாய் எரிக்கிறியா?" என்று கத்துவது கேட்டது. அடுத்தடுத்த வாசல்களில் ஆட்கள் செம்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கரண்டியை விட்டு அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். சுப்புத்தாய். பதினாறாம் நாள் காரியம் இன்னும் முடியவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியைத் தாண்டி, தெருவைத் தாண்டி வந்து நின்றிருந்தார்.

"தள்ளுங்க. அடி புடிச்சிருச்சு."

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. குழந்தையை என் கையில் கொடுத்தார். எரிகிற கட்டைகளில் இரண்டை வெளியே இழுத்துப் போட்டார். மேலாக இருந்த நல்ல கஞ்சியை வேறு பானைக்கு மாற்றினார். தீய்ந்ததைச் சுரண்டி ஓரமாகக் கொட்டினார். பானையைக் கழுவி, அடுப்பில் ஏற்றி, தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எம்புட்டு வீட்டுக்கு?"

"ஆறு."

"எங்க வீட்டையும் சேத்தா?"

"சேத்துத்தான்."

தலையை ஆட்டிக்கொண்டு உலைக்குத் தண்ணீர் ஊற்றினார்.